விசாரம்

கரோல் பாக்கில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட ஓர் அம்மாளுக்கு இந்தி தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றே சொல்ல வேண்டும். 1974இல் மன்னார்குடியிலிருந்து மணமாகி வந்தவர். கணவர் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் எழுத்தர். ஆரிய சமாஜ் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இரண்டாம் மாடி வீடு. கடைகளுக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் அஜ்மல் கான் சாலையில் விரியும் சந்தையில் அந்த அம்மாள் பேரம் பேசுவதைக் கேட்டால், மூக்கொலியும் மூச்சொலியும் சற்றே பிசகுவதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. எரிவாயு உருளைக்காரர், குழாய் பழுது பார்ப்பவர், கீழ்த்தளத்துப் பஞ்சாபி மூதாட்டி, மின்கட்டண அலுவலகத்து ஊழியர் என எல்லோரிடமும் அவருடைய இந்தி செல்லுபடியாயிற்று. பிள்ளைகளைப் பூசா சாலைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்ததனால் ஆசிரியைகளிடம் பேசக்கூட அந்த மொழி தேவைப்படவில்லை.

ஆனால் அந்த மொழியில் அவர் ஒருமுறைகூட அழுததில்லை. கணவர் இறந்த அன்று வீடு நிறைய இந்தி பேசுவோர் இருந்தபோதும் தமிழில்தான் அழுதார். வாங்கவும் கேட்கவும் மறுக்கவும் ஒரு மொழி, வருந்துவதற்கு வேறொரு மொழி என்று ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அது ஒரு குறை என்று அவர் உணர்ந்தது எழுபத்தோராம் வயதில், இடது மார்பில் கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு.

சிகிச்சை தில்லியின் பெரிய மருத்துவமனை ஒன்றில். அதன் பெயர் இங்கே தேவையில்லை. இந்த நாட்டின் எந்தப் பெரிய மருத்துவமனையாகவும் அது இருந்திருக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே மருந்து ஏற்றுவார்கள். மகன் குருகிராமில் வேலை பார்க்கிறார்; முதல் இரண்டு முறை விடுப்பு எடுத்து உடன் சென்றார். அதன் பிறகு மொட்டை மாடி அறையில் குடியிருந்த தென்காசிப் பெண் துணைக்குச் சென்றாள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தில்லிக்கு வந்து, கரோல் பாக்கிலும் பழைய ராஜேந்தர் நகரிலும் அறையெடுத்துத் தங்கும் எண்ணற்ற தமிழ்ப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அம்மாளை அவள் "ஆச்சி" என்று அழைத்தாள். ஆச்சி என்றால் செட்டிநாட்டுப் பெண்கள் என்றே எண்ணியிருந்த மன்னார்குடி அம்மாளுக்கு அந்த அழைப்பு பழகச் சில நாட்கள் ஆயின.

மருத்துவர் நல்லவர். ஒரு நாளைக்கு அவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையை அறிந்தவர்கள், ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் அவரால் ஒதுக்க முடியாததைக் குற்றமாகச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் "கைசீ ஹைன், அம்மாஜி?" என்று கேட்பார். "டீக் ஹூம்" என்பார் அம்மாள். உரையாடல் அவ்வளவுதான். மூன்றாம் முறை, மகன் உடனில்லாத துணிச்சலில், அம்மாள் தாமே பேச முயன்றார். வடமொழிச் சொற்கள் இரு மொழிக்கும் பொது என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்த நம்பிக்கையில், தம் மனத்திலிருந்ததை அவற்றில் ஏற்றிச் சொன்னார். இரவெல்லாம் "அவஸ்தா" என்றார். எந்த அவஸ்தா என்று பதில் கேள்வி வந்தது. இந்தியில் அந்தச் சொல்லுக்கு நிலை என்று மட்டுமே பொருள், துன்பம் அதில் இல்லை. எல்லோருக்கும் தம்மால் "உபத்ரவ்" என்றார். உதவி மருத்துவர் சிரித்துவிட்டார்; இந்தியில் அது கலவரம், தெருவில் நடப்பது. கடைசியாக "மன் மே பஹுத் விசார்" என்றார். மனத்தில் நிறைய எண்ணங்கள் என்று அவர்கள் காதில் விழுந்தது. "ஸ்யாதா மத் சோசியே, அம்மாஜி" என்று கனிவோடு சொல்லி அடுத்தவரை அழைத்தார் மருத்துவர். அதிகம் யோசிக்காதீர்கள்.

விசாரம் என்று தஞ்சைப் பகுதியின் பழைய தலைமுறைப் பெண்கள் சொல்லும்போது அதில் யோசனை என்பது துளிதான் உண்டு. "விசாரத்துல மெலிஞ்சுட்டா" என்றால் கவலை உள்ளே புகுந்து ஆளைத் தின்கிறது என்று பொருள். ஒரே வேர்ச்சொல் ஒரு மொழியில் அறிவின் பக்கமும் மற்றொன்றில் துயரின் பக்கமும் சாய்ந்துவிட்டது. ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் இருக்கும் இத்தகைய சொற்களை மொழியியல் வகுப்புகளில் வேடிக்கையான எடுத்துக்காட்டுகளாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். தேர்வறையில் அவை இரண்டு மதிப்பெண். புறநோயாளிப் பிரிவில் அவற்றின் விலை வேறு.

இந்தியில் பொருத்தமான சொல் இல்லாமலில்லை. "துக்" என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரிந்த சொல்லும்கூட. ஆனால் துக்கம் என்பது அவர் காதில் சாவு வீட்டின் சொல். துக்கம் விசாரிக்கப் போவார்கள். உயிரோடு இருப்பவர் தமக்குத் துக்கம் என்று சொல்லிக்கொள்வது அவருக்கு அச்சானியமாகப் பட்டது. கையருகே இருந்த ஒரே சரியான சொல்லை இவ்வாறு அவரே ஒதுக்கிவிட்டார்.

மகன் உடன் சென்ற இரண்டு முறையும் வேறொன்று நடந்திருந்தது. "வயிறு எரியுதுடா" என்று அம்மாள் சொன்னதை மகன் "பேட் மே ஜலன்" என்று மொழிபெயர்த்தார். தவறென்று சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் சரி. அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டது. தில்லியில் பிறந்து வளர்ந்த மகனுக்கு, பெற்ற வயிறு எதற்காக எரியும் என்பது வழக்கில் எட்டாத தமிழாகப் போய்விட்டிருந்தது. அம்மாள் அந்த மாத்திரையை நாள் தவறாமல் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவந்தார்.

உளவியல் அளவீடுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய சிக்கல் நினைவுக்கு வரும். பசியின்மை, உறக்கமின்மை, களைப்பு, எடை குறைதல் ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். அவையே புற்றுநோயின் அடையாளங்கள்; அதற்கான மருந்துகளின் விளைவுகளும் அவையே. எது எதனால் என்று பிரிக்க இயலாது. இதனாலேயே 1983இல் இங்கிலாந்தின் சிக்மண்ட், ஸ்னெய்த் இருவரும் மருத்துவமனை நோயாளிகளுக்கான 14 வினாக்கள் கொண்ட அளவுகோலை வகுத்தபோது உடல்சார்ந்த அறிகுறிகளைப் பெரும்பாலும் விலக்கி, மனத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள். மிகச் சரியான முடிவு, அந்த ஊருக்கு. ஆனால் நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, வாய் கசக்கிறது, கைகால் ஓய்ந்து போகிறது என்று உடலின் வழியாகவே மனத்தைச் சொல்லும் ஒருவரிடம் உடலைப் பற்றிக் கேட்காமல் விட்டால் எஞ்சுவது "டீக் ஹூம்" மட்டுமே. கேட்டாலோ, கசப்பது வாயா வாழ்க்கையா என்று தெரியாது.

அந்த அளவுகோலிலும் உடல் முற்றாக நீங்கிவிடவில்லை என்பது சுவையான செய்தி. வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பது போன்ற அச்ச உணர்வு உண்டா என்று அதில் ஒரு வினா இருக்கிறது. உலகெங்கும் மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடித்த வினா அது. தமிழில் அந்தப் பூச்சிகளுக்கு வேலையில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தால் போதும். இந்தப் பண்பாட்டு வேறுபாட்டை ஆர்தர் க்ளைன்மன் 1980களின் தொடக்கத்தில் சீனத்தின் ஹூனான் மாநிலத்து நோயாளிகளிடம் செய்த ஆய்வு உலகக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பின் வந்தவர்களில் சிலர், ஆசிய மக்கள் மனத்துயரை உடல்நோயாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று சற்று மேட்டிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். மாற்றிக்கொள்வது என்றால் முதலில் இரண்டும் வேறாக இருந்திருக்க வேண்டும். சங்கப் பாடல்களில் நோய் என்ற சொல் பிரிவின் வருத்தத்துக்கும் உடலின் பிணிக்கும் சேர்த்தே நின்றது. அந்த அம்மாளின் பேச்சிலும் அப்படித்தான் நின்றது. பிரித்தது வினாநிரல்.

வீட்டிலோ இன்னொரு சிக்கல். அம்மாளுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "கட்டிம்மா, கரைக்கிறதுக்கு மருந்து ஏத்தறாங்க" என்று மகன் சொன்னார். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டார். இந்தியாவில் புற்றுநோய்ச் சிகிச்சையளிப்போர் அன்றாடம் சந்திக்கும் வேண்டுகோள் இது. அன்பிலிருந்துதான் வருகிறது, சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்ற அச்சத்திலிருந்து. ஆனால் கட்டிடத்தின் முகப்பில் ஆளுயர எழுத்துகளில் அந்த நோயின் பெயரை எழுதி வைத்துவிட்டு, உள்ளே வருபவரிடம் அதை மறைப்பது எப்படி இயலும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. பள்ளியிறுதி வரை படித்த அம்மாள் முதல் நாளே அதைப் படித்துவிட்டார். தமக்குத் தெரியும் என்று தெரிந்தால் மகன் தாங்கமாட்டான் என்று அவரும் மறைத்தார். ஒருவரையொருவர் காத்துக்கொண்டு, ஒரே வீட்டில், ஒரே உணவு மேசையில், நான்கு மாதங்கள்.

அந்த மௌனத்தின் விலையை ஒரு செய்தி காட்டும். அவருக்கு ஏற்றப்பட்ட மருந்துகளில் ஒன்று டாக்சோரூபிசின். பார்க்கச் செந்நிறமானது, ஏற்றிய பின் ஓரிரு நாட்களுக்குச் சிறுநீரும் சிவந்து போகும். தீங்கில்லை, தானே தெளிந்துவிடும். ஒரே ஒரு வாக்கியத்தில் முன்கூட்டிச் சொல்லிவிடக்கூடிய செய்தி. அவரிடம் யாரும் சொல்லவில்லை; மகனிடம் கொடுத்த ஆங்கிலத் தாளில் அது அச்சாகியிருந்தது. இரண்டு சுற்றுகளிலும் அம்மாள் அதை இரத்தம் என்றே எண்ணினார். உள்ளே எல்லாம் கரைந்து வெளியேறுகிறது என்று முடிவு செய்து, கழிப்பறையை இரண்டு முறை கழுவிவிட்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. எந்த அளவுகோலும் அந்த இரவுகளை அளந்திருக்காது.

இதற்கிடையே ஊரிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். "எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கினீங்க, அதான் இப்படி வந்துடுச்சு." நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். மனத்தைத் திறந்து பேசியிருந்தால் நோய் வந்திராது என்பது அதன் உட்பொருள். ஆகவே நோய்க்கு நோயாளியே பொறுப்பு.

இந்த எண்ணத்துக்கு வயது மிக அதிகம். கிரேக்க மருத்துவ மரபில், குறிப்பாகக் கேலனிடம், புற்றுநோய்க்கும் ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் காரணம் ஒன்றே: உடலில் மிகுந்துவிட்ட கரும்பித்தம். அந்த மரபு அரபு வழியாக யுனானியாக இந்தியாவுக்கு வந்தது. கிரேக்கர் நண்டின் பெயரால் வழங்கிய நோய்க்கு அரபியிலும் நண்டின் பெயரே, சரதான். அந்த மருத்துவத்தின் மாபெரும் நிலையம் கரோல் பாக்கிலேயே இருக்கிறது. ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவி, 1921 பிப்ரவரி 13 அன்று காந்தி திறந்துவைத்த திப்பியா கல்லூரி அது. திங்கட்கிழமைச் சந்தை கூடும் சாலைக்கு அந்த ஹக்கீமின் பெயர்தான். துணி மூட்டைகளுக்கும் செருப்புக் குவியல்களுக்கும் நடுவே நடப்பவர்களில் எத்தனை பேர் ஒரு மருத்துவரின் பெயரை மிதித்துக்கொண்டு போகிறோம் என்று எண்ணுவார்கள் என்பது வேறு கதை. கரும்பித்தக் கொள்கையில் ஒரு நுண்ணுணர்வு இருந்தது: உடலையும் மனத்தையும் அது தனித்தனி வாயில்களில் நிறுத்தவில்லை. ஆனால் அதன் வழித்தோன்றலாகிய துயரம்தான் புற்றைக் கொண்டுவருகிறது என்ற நம்பிக்கை, நோயாளியின் தலையில் இரண்டாவது சுமையை ஏற்றுகிறது. தாமே புற்றுநோய்க்கு ஆளான சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்றில் கடுமையாக எதிர்த்தது இதைத்தான்.

நவீன மருத்துவமும் இந்த ஆசையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. 1989இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். வாரந்தோறும் குழுவாகக் கூடித் தம் அச்சங்களைப் பேசிய பெண்கள், பேசாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகம் பரபரப்படைந்தது. 2001இல் கனடாவில் பமேலா குட்வினும் உடன் ஆய்வாளர்களும் 235 பெண்களிடம் அதையே மீண்டும் செய்து பார்த்தபோது, வாழ்நாளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் பேசியவர்களுக்கு மனத்துயரம் குறைந்திருந்தது. வலியும் குறைவாகவே தெரிந்தது. அந்த இரண்டாம் ஆய்வைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஒரு மனிதர் இரவில் சற்று உறங்குவதற்கும், வலி சற்றுத் தணிவதற்கும், ஆயுள் நீளும் என்ற கூடுதல் நியாயம் எதற்கு என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

உளப் புற்றுநோயியல் என்ற துறைக்கு வித்திட்டவர் ஜிம்மி ஹாலண்ட். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் அதற்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். அவர் வழிநடத்திய குழு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க நெடுநேரம் செலவிட்டது. மனநோய் என்றாலோ உளவியல் சிக்கல் என்றாலோ நோயாளிகளும் விலகினார்கள், மருத்துவர்களும் தயங்கினார்கள். ஆகவே யாரும் வெட்கமின்றி ஏற்கக்கூடிய இடர், அல்லல் என்ற பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லொன்றைக் கொண்டு, வெப்பமானியின் படத்தை வரைந்து, 0 முதல் 10 வரை கோடிட்டு, கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு என்று ஒரு வட்டம் போடச் சொன்னார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த கட்ட விசாரணை. படத்தின் அருகே நோயாளியை வருத்தக்கூடியவற்றின் பட்டியல்: பணம், பயணம், பிள்ளைகள், அச்சம், வலி, இறைநம்பிக்கை. தேவையும் சிறிதன்று. புற்றுநோய் மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கு முழுமையான மனச்சோர்வு நோய் இருப்பதாகவும், இலேசானவற்றையும் சேர்த்தால் மூவரில் ஒருவருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் லான்செட் ஆங்காலஜி இதழில் வெளியான கட்டுரை காட்டியது.

ஹாலண்டின் எச்சரிக்கை கரோல் பாக்கில் அப்படியே பலித்தது. அம்மாள் உண்ணாததையும் உறங்காததையும் கண்ட செவிலியர் ஒருவர், மனநல மருத்துவரைப் பார்க்கலாமே என்று மகனிடம் சொன்னபோது, "எங்கம்மாவுக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லை" என்று பதில் வந்தது. (மனநல மருத்துவரிலும் புற்றுநோயறிந்தவர் தேவை என்பது இங்கே சொல்லப்பட வேண்டும். டமாக்சிஃபென் உட்கொள்ளும் ஒருவருக்கு மனச்சோர்வுக்காகப் பராக்ஸெட்டினைக் கொடுத்தால், டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதையே அது தடுத்துவிடும்.) செவிலியர் சளைக்கவில்லை. வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது, அவர்கள் மனநலத் துறையினர் அல்லர், வலிக்கும் தூக்கத்துக்கும் உதவுவார்கள் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தார். அது முழு உண்மையன்று. ஆனால் மகன் அழைத்தார்.

தில்லியில் இத்தகைய குழுக்கள் உருவானதற்குப் பின்னால் ஓர் ஆய்வு மாணவி இருக்கிறார். ஹர்மாலா குப்தா 1986இல் கனடாவில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது அவருக்கு ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று கண்டறியப்பட்டது. குணமாகி இந்தியா திரும்பியவர், இங்கே அந்த நோயைச் சூழ்ந்திருந்த மௌனத்தைக் கண்டார். நோயிலிருந்து மீண்டவர்களே நோயாளிகளைச் சந்தித்துப் பேசும் கேன்சர் சஹயோக் என்ற குழுவை 1991இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ்த் தொடங்கினார். 1996இல் கேன்சப்போர்ட் பிறந்தது. மருத்துவர், செவிலியர், ஆற்றுப்படுத்துநர் மூவரும் சேர்ந்து நோயாளியின் வீட்டுக்கே கட்டணமின்றிச் செல்லும் பணி அடுத்த ஆண்டில் தொடங்கியது. வலியை உடல், மனம், சமூகம், ஆன்மிகம் என நான்கும் கலந்த முழு வலியாகக் காணவேண்டும் என்று 1960களில் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் சொன்னதை, மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றி, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து செய்வது இது. மருத்துவமனையில் நோயாளி வரிசையில் காத்திருக்கிறார். வீட்டிலோ வந்தவர்தான் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கிறது. பேச்சின் திசை அங்கேயே மாறிவிடுகிறது.

அம்மாளின் வீட்டுக்கு அப்படியொரு குழுவிலிருந்து வந்த ஆற்றுப்படுத்துநருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்திருந்தது: குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது. மகனைத் தேநீர் போடச் சொல்லி அனுப்பிவிட்டு, மாடியறைப் பெண்ணை அழைத்தார். அவளிடம் ஒரே வேண்டுகோள். அம்மாஜி சொல்லும் முக்கியமான சொல்லை முதலில் அப்படியே தமிழில் சொல், பொருளை நான் பிறகு கேட்டுக்கொள்கிறேன். அவர் குறிப்பேட்டில் தேவநாகரியில் முதலில் எழுதப்பட்ட தமிழ்ச் சொல் விசாரம். அதன் பொருளை அந்தப் பெண் விளக்கிய விதமும் நன்று. "அது திங்க்கிங் இல்ல தீதி. உள்ளே இருந்து அரிக்கும். கறையான் மாதிரி." புற்றுநோய்க்குத் தமிழ் தேர்ந்துகொண்ட சொல்லில் கறையான் குடியிருப்பதை அவள் எண்ணிச் சொல்லியிருக்க மாட்டாள்.

பிறகு வெப்பமானிப் படம் வந்தது. அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையேம்மா, நேத்திக்குக்கூடப் பார்த்தோமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சல் இல்லை ஆச்சி, விசாரம் எவ்வளவுன்னு கேக்காங்க என்று அந்தப் பெண் சொன்னதும் சிரிப்பு நின்றது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எட்டாம் கோட்டில் விரலை வைத்தார். பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பணமா? இல்லை. வலியா? அது கிடக்கட்டும். சாவைப் பற்றிய பயமா? எழுபது வயசுக்கு மேல என்ன பயம். பிள்ளைகளா? அம்மாள் பதில் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சென்னையில் இருக்கும் மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. தமக்கு வந்தது அவளுக்கும் வரும் என்று அம்மாள் முதல் நாளிலேயே நம்பிவிட்டிருந்தார். சொத்து என்று எதுவும் கொடுக்காத தாய், இதைக் கொடுத்துவிட்டாளே என்பதுதான் வயிற்றெரிச்சல். நான்கு மாதங்களாக அமில மாத்திரை சாப்பிட்டது அதற்குத்தான். மார்பகப் புற்றுநோய்களில் மரபுவழி வருபவை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடுதான். எழுபது வயதுக்கு மேல், குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாத நிலையில் வந்த நோய் அப்படிப்பட்டதாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஐயம் இருந்தால் அறிய மரபணுச் சோதனை உண்டு. மகளுக்கு வேண்டியது அச்சமன்று, உரிய காலப் பரிசோதனை. இவ்வளவையும் சொல்லப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. கேள்வி வெளிவர ஆனது நான்கு மாதங்கள். சிவந்த சிறுநீரைப் பற்றியும் அன்றுதான் கேட்டார், மிகவும் தாழ்ந்த குரலில்.

அடுத்த வாரம் அந்த ஆற்றுப்படுத்துநர் மகனோடு தனியே பேசினார். மகன் அழுதார். அழுதது இந்தியில். தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்தது அன்பின் குறையன்று, அழுகையின் மொழி இரண்டாக இருந்ததும் அதில் பாதி என்று அந்தப் பெண்ணுக்கு அன்று தோன்றியதாம். அன்றிரவு உணவின்போது மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "அம்மா, உனக்கு ஒண்ணு சொல்லணும். அது வெறும் கட்டி இல்ல..." அம்மாள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினார். "தெரியும்டா. போர்டுல எழுதியிருக்கே. சாப்பிடு."

தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாமோ என்று தோன்றலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உளப் புற்றுநோயியலுக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. மருத்துவர் சாந்தா தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடியதில் பாதி, நோயை அல்ல, நோய் பற்றிய அச்சத்தை. ஆனால் மொழி ஒன்றாக இருப்பதாலேயே கேள்வி வெளிவந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தமிழ் மருத்துவர் தமிழ் நோயாளியிடம் "சாப்பாடு இறங்குதா, தூக்கம் வருதா" என்று கேட்டுவிட்டு அடுத்த கோப்பைத் திறப்பதும் நாள்தோறும் நடப்பதே. தொலைவில் இருப்போருக்கு ஒரு வசதி இப்போது உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தில்லியிலிருந்தும் தமிழில் பேசலாம். கரோல் பாக்கின் எத்தனை தமிழ் வீடுகளுக்கு அது தெரியும் என்பதை விசாரித்தால் நல்லது.

மருந்து ஏற்றும் சுற்றுகள் முடிந்தபின் ஒரு திங்கட்கிழமை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தென்காசிப் பெண்ணின் தோளைப் பற்றியபடி அம்மாள் சந்தைக்கு வந்தார். ஹனுமான் சிலைப் பக்கமிருந்து வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கைப்பேசி ஒலித்தது, ஆற்றுப்படுத்துநர். அந்தப் பெண் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மாஜி, ஆஜ் விசாரம் கித்னா?"

அம்மாள் சற்று யோசித்தார். "சார்," என்றார். நான்கு. பிறகு, கொத்தமல்லிக் கட்டுக்குத் தனியே பத்து ரூபாய் கேட்ட காய்கறிக்காரரின் பக்கம் திரும்பி, ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சாலையில் கொத்தமல்லிக்குத் தாம் காசு கொடுத்ததில்லை என்பதைப் பிழையற்ற இந்தியில் எடுத்துரைக்கத் தொடங்கினார்.